காய்ச்சல் போன பிறகு

2006-ஆம் ஆண்டு தமிழகத்தின் பல மாவட்டங்களில் ஒரு காய்ச்சல் பரவியபோது, கோழிக்கறியைக் கையால் தொடவும் அஞ்சியவர் பலர். "சிக்கன் குனியா" என்று மக்கள் நாவில் வழங்கிய பெயரே அதற்குக் காரணம். கோழிக்கும் அந்நோய்க்கும் யாதொரு தொடர்புமில்லை. அது மக்கோண்டே என்னும் ஆப்பிரிக்க மக்களின் மொழிச் சொல். வளைந்து முடங்கிப் போவதை அம்மொழியில் அவ்வாறு கூறுவர். 1952-இல் அன்றைய தாங்கனீக்கா நாட்டின் தென்கோடியில், மக்கோண்டே பீடபூமியில் இந்நோய் பரவியபோது அதனை ஆராய்ந்த மருத்துவர்கள் மேரியன் ராபின்சனும் லம்ஸ்டனும் ஆவர். நோயுற்றோர் தம் நோய்க்கு இட்ட பெயரையே அவர்களும் 1955-இல் நூலேற்றினர். சிக்குன்குனியா என்னும் அப்பெயரின் பின்பாதி, 'குனிதல்' என்னும் நம் தமிழ்ச் சொல்லோடு ஒத்திருப்பது தற்செயலேயாயினும், கூன் விழுந்தாற்போல் நடந்த நம் நோயாளிகளைக் கண்டவர்க்கு அது தற்செயலாகத் தோன்றாது.

நோய்க்கு மருத்துவர் இடும் பெயர் வேறு. நோயைப் பட்டவர் இடும் பெயர் வேறு. பின்னதில் ஒரு சான்று அடங்கியிருக்கும். இந்தக் காய்ச்சலின் வரலாற்றைப் புரட்டினால், இருநூற்றைம்பது ஆண்டுகளாக உலகின் பல மூலைகளிலும் மக்கள் இதற்கும் இதன் உடன்பிறப்பான டெங்குவிற்கும் இட்ட பெயர்கள், உடலின் வேதனையை மட்டுமின்றி உள்ளத்தின் வேதனையையும் சுட்டி நிற்பதைக் காண்கிறோம்.

முதலில் எகிப்து. ஹிஜ்ரி 1193, அதாவது கி.பி. 1779. கெய்ரோ நகரில் ஒரு காய்ச்சல் வீடு தவறாமல் நுழைந்தது. வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தி (ரஹ்) அவர்கள் அப்போது இருபத்தாறு வயது இளைஞர். பிற்காலத்தில் நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பைக் கண்ணாரக் கண்டு எழுதிய அதே பெருமகனார், இந்தக் காய்ச்சலையும் தம் நாளாகமத்தில் பதிவு செய்யத் தவறவில்லை. மக்கள் அதனை 'அபூ ருக்கப்' என்றழைத்தனராம். முழங்கால்களின் தந்தை என்று பொருள். காய்ச்சல் சில நாட்களில் இறங்கிவிடும். மூட்டுகளின் வலியும் விரல்களின் விறைப்பும் ஒரு திங்களுக்கு மேலும் நீடிக்கும். அரசர்களையும் போர்களையும் பற்றியே எழுதுவது வரலாறு என்றிருந்த காலத்தில், விரல் மடங்காத எளியோரின் துன்பத்திற்கும் அவர் சில வரிகள் ஒதுக்கியது நன்றியுடன் நினைக்கத்தக்கது. அதே 1779-இல், சாவகத்தின் படேவியா நகரில் டேவிட் பைலான் என்னும் டச்சு மருத்துவர் இத்தகைய காய்ச்சலால் தாமே பீடிக்கப்பட்டு, அதைப் பற்றி எழுதி வைத்தார். அங்கு அதன் பெயர் விரற்கணுக் காய்ச்சல்.

அடுத்தது சான்சிபார். ஓமான் சுல்தான்களின் ஆட்சியில் செழித்திருந்த அந்த முஸ்லிம் தீவில் 1823-ஆம் ஆண்டளவில் பரவிய நோய்க்கு சுவாஹிலி மொழியில் 'கிடிங்கா பெப்போ' என்று பெயர். 'பெப்போ' என்றால் தீய ஆவி. திடீரென ஓர் ஆவி பிடித்து உடலை முறுக்குவதுபோல் வரும் நோய் என்பது கருத்து. இப்பெயரே கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், மருவி மருவி இன்றைய 'டெங்கு' ஆயிற்று என்பர் அறிஞர். 1870-இல் அதே நோய் சான்சிபாருக்கு மீண்டும் வந்தது. அங்கு பணியாற்றிய ஜேம்ஸ் கிறிஸ்டி என்னும் மருத்துவர்க்கு அது புதிதாகத் தெரிந்தது. ஆனால் தீவின் முதியவர்களோ, இது தாங்கள் இளமையில் கண்ட பழைய நோயேயென அடையாளம் சொன்னார்கள். ஏறத்தாழ ஐம்பதாண்டு இடைவெளியைத் தாண்டி அந்த நினைவு உயிரோடிருந்தது. அடுத்த ஆண்டுகளில் அந்நோய் ஏடன் வழியாகப் பம்பாய்க்கும், பின்னர் கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களுக்கும் கப்பலேறி வந்தது.

இவ்வெல்லாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்ட பெயர் அமெரிக்காவிலிருந்து வருவது. 1780-இல் பிலடெல்பியா நகரில் பரவிய காய்ச்சலை மருத்துவர் பெஞ்சமின் ரஷ் விவரித்துள்ளார். அது டெங்குவே என்பது பெரும்பாலோர் முடிவு. எலும்பு முறிக்கும் காய்ச்சல் என்று ஊரார் அதனை அழைத்தனர். ஆனால் நோயிலிருந்து தேறி வந்த ஒரு பெண்மணி, மிகுந்த மனச்சோர்வுடன், இதனை இதயம் முறிக்கும் காய்ச்சல் என்பதே பொருத்தம் என்று அம்மருத்துவரிடம் கூறினாராம். கொசுவால் வரும் காய்ச்சல் உள்ளத்தை என்ன செய்கிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாக்குமூலங்களுள் இது ஒன்று. அதனைச் சொன்னவர் நோயாளி. குறித்து வைக்கவேண்டும் என்று ஒரு மருத்துவர்க்குத் தோன்றியிருக்கிறதே, அதுவும் பெரிது.

பழைய ஏடுகளிலுள்ள இந்தக் காய்ச்சல்களை நிறுத்துப் பார்த்து, கெய்ரோவிலும் படேவியாவிலும் சான்சிபாரிலும் வந்தது டெங்கு அன்று, சிக்குன்குனியாவே என வாதிட்டவர் டொனால்டு கேரி. அவருடைய கட்டுரை 1971-இல் வெளிவந்தது. இவ்வாராய்ச்சிக்கு அவரைத் தூண்டிய இடம் நம் தமிழ்நாடே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவர் பணியாற்றிய காலத்தில், 1964-இல், இந்நோய் சென்னையையும் வேலூரையும் உலுக்கியது. அதற்கு முந்திய ஆண்டு கல்கத்தாவில் அது தோன்றியிருந்தது. சென்னை நகரில் மட்டும் நான்கு லட்சம் பேர் பீடிக்கப்பட்டனர் என்று மதிப்பிட்டனர். 1965-இல் நாகபுரி. 1973-இல் மராட்டியத்தின் பார்சி நகர். அதன் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தியாவில் அதன் பேச்சே இல்லை.

சான்சிபாரின் கிழவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்றேனே, நாம் வைத்திருக்கவில்லை. 2005-இன் இறுதியில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தலைகாட்டி, 2006-இல் நாடெங்கும் சுமார் 13.9 லட்சம் பேரை இந்நோய் பிடித்ததாக அரசு கணக்கிட்டது. அப்போது நம் ஊர்களில், "இது முன்பு வந்ததுதான், எனக்கும் வந்தது, சில மாதத்தில் கை சரியாகிவிடும்" என்று சொல்ல ஒரு பெரியவர்கூட இல்லை. 1964-இல் நோயுற்றவர்கள் சென்னையிலும் வடமாவட்டங்களிலும் இருந்தனர். தெற்கே அதன் நினைவு வரவேயில்லை. நோயின் முடிவு தெரியாமற் போவது நோயைவிடப் பெரிய துன்பம். பத்து நாளில் போகும் என்று மருத்துவர் சொல்லி, நூறு நாளாகியும் காலையில் எழுந்து செம்பைப் பிடிக்க முடியாதவர், இனி வாழ்நாள் முழுதும் இப்படித்தானோ என்று எண்ணத் தொடங்குகிறார். அவ்வெண்ணம் எந்த வெப்பமானியிலும் ஏறுவதில்லை.

சாத்தூர் வட்டாரத்தில் இதற்குத் தனியொரு கடுமை உண்டு. வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. குழாயில் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வந்த அன்று குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி என்று உள்ள பாத்திரமனைத்தையும் நிரப்பி வைப்பது இங்குள்ள குடும்பங்களின் பரம்பரை வழக்கம். வறண்ட ஊரில் கொசு ஏது என்று வெளியூரார் வியப்பர். இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீட்டினுள் மூடாமல் வைத்த தெளிந்த நீரில்தான் அது முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். ஆகவே நீர் வளம் மிக்க ஊரைவிட நீருக்குத் தவிக்கும் ஊர் அதற்கு உகந்ததாகிவிடுகிறது. (அக்கொசுவின் அறிவியற் பெயரில் எகிப்து நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை, அல்-ஜபர்த்தியைப் படித்தபின் நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, துயரமும் வருகிறது.)

கொசு இப்படியென்றால், தொழில் வேறு. சாத்தூர் காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர் பெற்றது போலவே, ஒரு காலத்தில் பேனா முள்ளுக்கும் பெயர் பெற்றிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மைக்கூட்டில் தொட்டு எழுதிய முள்ளைத் தட்டி வளைத்தது இவ்வூர்க் கைகள். 1920-களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் இவ்வட்டாரம் முழுவதையும் விரல்களால் பிழைக்கும் நாடாக்கின. கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பட்டாசுச் சரம் பின்னுவது, எல்லாமே விரற்கணுக்களின் வேலை. கூலியோ நாளுக்கு அன்று, எண்ணிக்கைக்கு. இத்தனை குரோஸ் பெட்டிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. ஒரு விரல் மடங்கவில்லையென்றால் அன்றைய வரும்படி பாதி. உடல் முழுதும் நோகும் நோய் எங்கும் துன்பந்தான். விரலே மூலதனமாகிய ஊரில் விரற்கணுவைத் தாக்கும் நோய், ஒருவரின் பிழைப்பை மட்டுமா பறிக்கிறது? வீட்டில் அவருக்கிருந்த இடத்தையும் பறிக்கிறது.

அதிலும் பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போது கஞ்சி வைத்துக் கொடுத்த அதே வீடு, காய்ச்சல் இறங்கிய மூன்றாம் வாரத்தில், "அதான் காய்ச்சல் போயிருச்சுல்ல, இன்னும் என்ன படுக்கை?" என்று கேட்கும். கேட்பவர் கொடியவரல்லர். முகத்தில் வாட்டமில்லை, உடம்பு சுடவில்லை, கட்டுப் போடும் காயமுமில்லை. கண்ணுக்குத் தெரியாத வலியை நம்புவது யார்க்கும் கடினம். வலியைப் பட்டவளே ஒருநாள் தன்னை நம்ப மறுக்கிறாள்; நாம்தாம் சோம்பேறியாகிவிட்டோமோ என்று தன்னையே நோகத் தொடங்குகிறாள். உறக்கம் கெடுகிறது. பேச்சுக் குறைகிறது. பிள்ளைகள் மீது எரிந்து விழுந்துவிட்டு அடுப்படியில் அழுகிறாள். உறங்காத உடம்பில் வலி இன்னும் கூடுகிறது. கூடிய வலி மறுபடியும் உறக்கத்தைக் கெடுக்கிறது. இச்சுழலை இன்றைய மருத்துவம் நன்கறியும். நீடித்த மூட்டுவலி மனச்சோர்வை வளர்க்கும், மனச்சோர்வு வலியின் கூர்மையை மிகுவிக்கும் என்பதில் இப்போது கருத்து வேறுபாடில்லை.

இது ஐரோப்பியர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்) அவர்கள், உடல்களின் நலனையும் உள்ளங்களின் நலனையும் இணைத்து ஒரே நூலாக எழுதினார்கள். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். நூலின் முற்பகுதி உணவு, உறக்கம், உடற்பயிற்சி முதலிய உடல் நலம். பிற்பகுதி உள நலம். மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன், உடல் நோயுற்றால் உள்ளமும் தன் ஆற்றலை இழக்கும், உள்ளம் நோயுற்றால் உடலின் இன்பங்கள் சுவைக்கா என்பது அவர்கள் கருத்து. மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுவதை அவர்கள் குறையாகவே சொல்கிறார்கள். துயரத்தையும் இரண்டாகப் பகுத்தார்கள்: இன்ன இழப்பால் வந்தது என்று காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாமல் நெஞ்சை அழுத்துவது மற்றொன்று. பின்னதற்கு வேர் உடலிலேயே இருக்கலாம் என்றார்கள். காய்ச்சலுக்குப் பின் வரும் சோர்வு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. இழப்பும் உண்டு, உடலின் சீர்கேடும் உண்டு. வீட்டில் முன்கூட்டியே மருந்து வாங்கி வைப்பதுபோல, உள்ளம் நலமாயிருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கூறும் வழிகளுள் ஒன்று.

நம் சமுதாயத்தில் மற்றொரு நெருடலும் இருந்தது. மூட்டு மடங்காதவர்க்கு ஸுஜூதும் அத்தஹிய்யாத் இருப்பும் பெருந்துன்பம். பள்ளிவாசலின் முன்வரிசையில் நாற்பதாண்டுகள் நின்ற ஒருவர், பின்வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழ வேண்டியிருக்கிறது. கால் ஊன்றிப் படியேறவும் ஹவுளில் குந்தி ஒளுச் செய்யவும் பிறர் கை வேண்டியிருக்கிறது. இதற்கு வெட்கப்பட்டு ஜமாஅத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. வரவில்லையே என்ற குற்ற உணர்வு வேறு அவர்களைத் தின்றது. மார்க்கமோ அவர்களிடம் இத்தனைக் கடுமை காட்டவில்லை. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நலமாயிருந்த காலத்தில் செய்துவந்த நற்செயல்களின் கூலி, நோயுற்ற நாளிலும் எழுதப்படும் என்னும் நபிமொழியும் அதே நூலில் உண்டு. நாற்காலியில் அமர்ந்தவரின் காதில் இவை விழுந்திருந்தால், அவருடைய துயரில் பாதி அன்றே இறங்கியிருக்கும்.

ஆனால் வேறொரு நபிமொழிதான் நோயாளிகளின் காதில் அடிக்கடி விழுந்தது. காய்ச்சலால் நடுங்கிய உம்முஸ் ஸாயிப் (ரலி) அம்மையார் அதனைச் சபித்தபோது, காய்ச்சலை ஏசவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அது. அதைச் சொல்லி நோயாளியின் வாயை அடைத்துவிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். "சபூராய் இரு, புலம்பாதே." இது அந்நபிமொழியை அதன் எல்லைக்கு அப்பால் இழுப்பதாகும். ஏசுவது வேறு, வலிக்கிறது என்று சொல்வது வேறு. தலைவலியால் வருந்திய ஆயிஷா (ரலி) நாயகி, தம் தலையைக் குறித்து அரற்றியபோது, என் தலைக்கும் அப்படித்தான் இருக்கிறது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்களே மறுமொழி கூறினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியை, எனக்கு வலிக்கிறது என்று நோயாளி சொல்வதற்குள்ள அனுமதியைப் பற்றிய பாடத்தின் கீழேயே வைத்தார்கள். களைப்பு, பிணி ஆகியவற்றோடு கவலையையும் துக்கத்தையும் சேர்த்தெண்ணி, அவையும் ஒரு முஸ்லிமின் பாவங்களைப் போக்கும் என்று உரைக்கும் நபிமொழியை இவற்றோடு வைத்துப் பார்க்கவேண்டும். உள்ளத்தின் நோவு உடலின் நோவுக்குச் சமமாக அங்கே எண்ணப்படுகிறது. அதை ஈமானின் குறையென்று அந்நபிமொழி எண்ணவில்லை.

சிக்குன்குனியாவின் துயரம் மெல்ல அரிப்பது. டெங்கு தருவது வேறு, அது அச்சம். 2012-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த கடையநல்லூரில், நம் மக்கள் பெருந்தொகையாய் வாழும் அந்நகரில், டெங்கு உயிர்களைப் பறித்தபோது, சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக ஓடினார்கள். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை வீட்டுப் பெண்கள் பேசும் பேச்சாயிற்று. அவ்வச்சம் மழைக்காலந்தோறும் கொஞ்சம் திரும்பி வருகிறது. எனினும் அது பலர் கூடி அஞ்சும் அச்சம். பேசித் தீர்த்துக்கொள்ள ஆள் உண்டு. விரல் மடங்காத பெண்ணின் சோர்வு தனியே அனுபவிக்கப்படுவது.

காய்ச்சலுக்குப் பின் என்ன ஆயிற்று என்று முறையாகக் கேட்டறிந்த இடமும் உண்டு. அது மொரீசியசுக்கு அருகிலுள்ள ரீயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவு. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் அத்தீவின் மக்களுள் மூன்றிலொரு பங்கினரை, அதாவது இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரை, இந்நோய் பிடித்தது. ஏறத்தாழ ஈராண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் தொலைபேசி வாயிலாக வீடுகளை அழைத்தார்கள். நோயுற்றவரையும் நோயுறாதவரையும் ஒருங்கே கேட்டு ஒப்பிட்டார்கள். மூட்டுவலியும் களைப்பும் நோயுற்றவரிடம் மிகுந்திருந்ததில் வியப்பில்லை. மனச்சோர்வும், மறதியும், ஒன்றில் கருத்தை நிறுத்த இயலாமையும்கூட அவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் வழிவந்தோரும், குஜராத்திலிருந்து சென்று வாணிபம் செய்யும் முஸ்லிம்களும் அத்தீவில் கணிசமாக வாழ்கின்றனர். காய்ச்சல் போய் ஈராண்டான பிறகும் எப்படியிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, அதற்கு விடை சொன்னவர்களுள் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருந்திருப்பர்.